பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

1

இந்தக் கதை ஒரு பெண்ணின் கண்ணீரிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் இது ஒரு கேபிளிலிருந்து பிறந்தது.

என் வண்டியைப் பழுதுபார்க்க விட்டிருந்த ஒர்க்‌ஷாப்பில், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்று நின்றிருந்தது. மெக்கானிக் கால்களை வெளியே நீட்டி, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டு, பயிற்சியாளர் உட்காரும் பக்கத்தில் இரண்டாவது பிரேக்கைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் கடந்துபோக எனக்கு வராது. கேட்டேன். "குனிஞ்சு பாருங்க, காட்டுறேன்" என்றார்.

பயிற்சியாளரின் பெடலுக்கும் ஓட்டுபவரின் பெடலுக்கும் நடுவே, உறைக்குள் ஓடும் ஓர் எஃகுக் கம்பி. பயிற்சியாளர் மிதித்தால் கம்பி இழுபடும். ஓட்டுபவரின் பெடல் அவர் காலுக்கடியில் தானாகவே கீழே போகும். ஓட்டுபவர் மிதித்தாலோ, கம்பி தொய்ந்துபோகும், அவ்வளவுதான். பயிற்சியாளரின் பெடல் அசையாது. கம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. எவ்வளவு எளிமை! எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

"வெளிய நிக்கிறவங்களுக்கு யாரு மிதிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. பின்னாடி எரியிற செவப்பு லைட்டு ஒண்ணுதான? வண்டிக்கு ஆளெல்லாம் தெரியாது. அதுக்குத்தான் இந்த பஸ்ஸரு. இந்தப் பக்கம் மிதிச்சா கத்தும். பாதிப்பேரு நச்சரிப்பா இருக்குன்னு வயரைக் கழட்டி வுட்டுருவாங்க."

வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி. பள்ளி நேரம் முடிந்தபின் அந்தக் காரை யார் ஓட்டுவார்கள்? பயிற்சியாளருக்கு ஒரு மனைவி இருந்து, அவள் ஓட்ட, அவர் தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தால்?

இதற்குமேல் வருவதெல்லாம் கற்பனை. கேபிள் மட்டும் நிஜம்.

2

தொடக்கங்கள்.

"அவள் குடும்பநல நீதிமன்றத்தின் படிகளில் ஏறும்போது மழை பிடித்துக்கொ—" (மழையை எடுத்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை வருகிறது.)

"கொடுமை என்ற சொல்லுக்கு அகராதி என்ன பொருள் தருகிறது என்று பார்த்தா—" (அகராதியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் கிடைக்காமல் தவித்தது நான் மட்டுமல்ல. அவளுடைய வழக்கறிஞரும்தான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்கப் பழைய வழக்குக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்த அறையில், வக்கீலம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு தடவையாவது கை நீட்டியிருக்காராம்மா?"

"இல்லைங்க மேடம்."

"குடி?"

"காப்பியே ரெண்டு வேளைதான்."

"வேற பொம்பள சகவாசம்?"

"அதுக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? விடிஞ்சா பேட்ச் வந்து நிக்கும்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "இப்படி ஒரு உத்தமரைக் கொண்டாந்து நிறுத்தினா நான் என்னத்தைம்மா எழுதறது?"

"பிரேக் போடுவாரு."

"என்ன போடுவாரு?"

3

அவளைச் சரியாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் கேஸ் சிலிண்டர் வண்டியை ஓட்டியவள். பின்னால் ஒரு சிலிண்டர்கூட உருளாமல் வளைவில் திருப்பத் தெரிந்தவள். லைசென்ஸ் வாங்கி, புதுப்பித்து, மறுபடியும் புதுப்பித்தவள். கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவளும் பிறரிடம் பேசும்போது அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள்.

வீட்டுக் காரும் பள்ளிக் காரும் ஒன்றுதான். கூரைமேல் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. விடுமுறை நாளிலும் அதைக் கழற்ற மாட்டார். "கழட்டினா மறுபடி மாட்டணுமேம்மா."

முதல் முறை நடந்தது இது. அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்சந்தியில் பச்சை விழுந்தது. வண்டியை நகர்த்தியபடியே சொன்னாள்: "ஆஸ்பத்திரித் துணி ஏத்துற வேனுக்கு டிரைவர் கேக்குறாங்களாம். நான் போகலாம்னு இருக்கேன்."

அவள் காலுக்கடியில் பெடல் கீழே போனது. தரையில் நிற்கும்போது தரை மட்டும் இறங்கினால் எப்படியிருக்கும், அப்படி. நட்டநடுச் சந்தியில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் வெடித்தன. மாஸ்டர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"பொறும்மா. முன்னாடி ஆளு."

முன்னால் ஒருவரும் இல்லை. பைக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து குனிந்தான். "ஏம்மா, வீட்டுக்குள்ள ஓட்டிப் பழகிட்டு ரோட்டுக்கு வர்றதுதான?"

மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார். புன்னகைத்தார். "புதுசுங்க. மன்னிச்சுக்குங்க."

பைக்காரன் எல் போர்டைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், உடனே குளிர்ந்துவிட்டான். "பாத்து சார். உங்களுக்கும் உசுரு முக்கியம்." இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்.

தற்செயல் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒருநாள், "அம்மாவைக் கொஞ்ச நாள் நம்மகூட வெச்சுக்கணும்" என்றபோது பாலத்தின் உச்சியில் நின்றது. "எனக்குன்னு சின்னதா ஒரு வண்டி வாங்கப்போறேன்" என்றபோது பள்ளிக்கூடம் விட்ட நேரத்துத் தெருவில் நின்றது. அவள் ஒரு முடிவைச் சொன்னால் வண்டி நிற்கும். வெயிலைப் பற்றியோ காய்கறி விலையைப் பற்றியோ பேசினால் வெண்ணெய்போல் ஓடும். நின்ற ஒவ்வொரு முறையும் கண்ணாடி இறங்கும். "புதுசுங்க."

வீட்டில் கேட்டால், "நான் எதுக்கும்மா போடப்போறேன்? உன் பெடல்தான கீழ போச்சு? உன் கால்தான மேல இருந்துச்சு?" என்பார். அக்கறையோடு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.*

(* அவள் ஓட்டாமல் இருந்திருக்கலாமே? நானும் கேட்டேன். சாவியை அவர் நாலுபேர் முன்னால்தான் நீட்டுவார்: "ஓட்டினாத்தாம்மா பயம் தெளியும்." மறுத்தால் பயந்தவள். ஓட்டினால் புதுசு.)

4

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும். சுவையான இயந்திரம் அது.

பிரிவதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, பரஸ்பர சம்மதம். மனம் ஒத்துப் பிரிகிறோம் என்று இருவரும் கையெழுத்திட்டால், கொஞ்சம் காத்திருக்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். யார் தப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வாசலில் எதிராளியின் குற்றத்தைச் சொல்லி, நிரூபித்து, அதன்மேல் தீர்ப்பு வாங்க வேண்டும். அவள் போய் நின்றது இங்கே. குற்றத்தின் பெயர் கொடுமை.

இந்த வாசலுக்குத் தேதி வேண்டும், இடம் வேண்டும், சாட்சி வேண்டும். சம்பவத்துக்குப் பின் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தச் சம்பவம் செல்லாமல் போகலாம். மீறி நின்றாலும் எதிர்த்தரப்பு ஒரு சொற்றொடரைத் தூக்கிப்போடும்: "குடும்ப வாழ்க்கையில் இயல்பாக ஏற்படும் தேய்மானம்." அழகான சொற்றொடர்தான். ஆனால் பிரேக்கில் சக்கரத் தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கும் கட்டைகள் உண்டு. இரண்டும் ஒரேமாதிரி தேய்ந்தால்தான் தேய்மானம். ஒன்று மட்டும் தேய்ந்து மற்றது புதிதாகவே இருந்தால் எந்த மெக்கானிக்கும் அதைத் தேய்மானம் என்று சொல்ல மாட்டார். எங்கேயோ சிக்கியிருக்கிறது என்பார்.

அவளிடம் தேதி இல்லை. சாட்சிகள் ஊர் முழுக்க இருந்தார்கள். எல்லோரும் அவளைத் திட்டிவிட்டுப் போனவர்கள்.

தேதியும் இடமும் சாட்சியும் கச்சிதமாக அமைந்த சம்பவம் ஒன்றே ஒன்று, அது மாஸ்டரின் பதில் மனுவில் இருந்தது. ஒருநாள் அதே நாற்சந்தியில் வண்டி நின்றபோது அவள் கதவைத் திறந்து இறங்கி நடந்துவிட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. (பக்கத்து இருக்கையில் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது. அங்கிருந்து நிறுத்தத்தான் முடியும், கிளப்ப முடியாது.) போக்குவரத்துக் காவலர் பார்த்தார், பூக்கடைக்காரர் பார்த்தார். "நடுரோட்டில் கணவனின் உயிருக்கு ஆபத்து விளைவித்துக் கைவிட்டுச் சென்றது மனுதாரர் இழைத்த கொடுமை." மனு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வக்கீலம்மாவே ஒத்துக்கொண்டார்.

பதில் மனுவோடு ஒரு சமாதானமும் வந்தது. அவள் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மாஸ்டர் பரஸ்பர சம்மதத்துக்குத் தயார். தன் மனுவையும் விட்டுவிடுவார். கொடுமைக்காரர் என்று தீர்ப்பான ஆளிடம் யார் பெண்பிள்ளைகளை வண்டி பழக அனுப்புவார்கள்?

"உனக்கு வேண்டியது விடுதலைதான?" என்றார் வக்கீலம்மா. "அதான் தட்டுல வெச்சுக் குடுக்குறாரே. அந்த ஒரு வார்த்தைக்காக ஏன் மல்லுக்கட்டுற?"

"ஊர்ல இருக்கிற சிக்னல் பூரா என்னைப் பத்திச் சொல்லியாச்சு மேடம். ஒரு எடத்துலயாவது அவரைப் பத்தி எழுதணும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நீதிமன்ற முத்திரையோடு ஒரு வரி.

5

மாஸ்டர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவருக்கு அடர்ந்த புருவமும், பல்லைக் கடிக்கும் பழக்கமும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அப்படிப்பட்ட ஆளை நீங்கள் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவளுக்கோ பல வருடம் பிடித்தது.

இப்போது இருக்கும் மாஸ்டர் இப்படி: வயதான ஒரு மாணவி நடுவழியில் வண்டியை அணைத்துவிட்டுப் பதறுகிறார். "வண்டிதானம்மா தூங்கிருச்சு, நீங்க முழிச்சுதான இருக்கீங்க? எழுப்புங்க" என்கிறார் மாஸ்டர். அந்தம்மா சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்புகிறார். எழுதும்போது எனக்கே அவரைப் பிடித்துவிட்டது. மாணவிகள் ஓட்டும்போது அவர் பிரேக் போடுவது உயிரைக் காப்பாற்ற. அதே கால், அதே பெடல்.

ஆகவே எனக்கும் வக்கீலம்மாவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆசை வந்தது.

"ஒரு அறைன்னு சேத்துக்கலாமா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் போடறதுதாம்மா. மனு நிக்கும்."

என் பங்குக்கு நானும் எழுதிப் பார்த்தேன்: "அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மாஸ்டர் அவள் கன்னத்தில் ஓங்கி—"

"வேண்டாம் மேடம்" என்றாள் அவள். "அறைஞ்சிருந்தா நான் அன்னைக்கே கெளம்பியிருப்பேன். கெளம்பத் தோணாமப் பண்ணதுதான மேடம் இது?"

வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அழிக்கவில்லை, மேலே கிடக்கிறது.

சாட்சிக்குத் தம்பியைக் கேட்டுப் பார்த்தாள். அவன் பலமுறை பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவன்.

"அக்கா, எனக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்ததே மாமாதான். அவருக்கு எதிரா எப்படிக்கா ஏறி நிக்கிறது?"

"எதிரா நிக்க வேணாம்டா. பாத்ததைச் சொல்லு."

"என்னத்தைப் பாத்தேன்? பின்னாலேர்ந்து தலைதான் தெரியும். காலா தெரியும்?"

அவன் பொய் சொல்லவில்லை. நான் ஒருமுறை பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். தெரியவில்லை.

6

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவள் ஆஸ்பத்திரித் துணி வேனில் சேர்ந்துவிட்டாள். பெண்கள் விடுதியில் ஓர் அறை, பொதுக் குழாய், காலையில் அழுக்கு மூட்டைகள், மாலையில் சலவை மணக்கும் அடுக்குகள். வேனில் பெடல்கள் ஒரு வரிசைதான். பக்கத்து இருக்கையில் துணிமூட்டைதான் உட்கார்ந்து வரும். ஆனாலும் வேன் முதலாளி ஒருநாள் கேட்டார்: "என்னம்மா, நீ வந்ததுலேர்ந்து பிரேக் கட்டை இந்தத் தேய்மானம் தேயுது?"

இந்த வரியை இங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. அடுத்து வருவதற்காகத்தான்.

நீதிபதி இருவரையும் சமரச மையத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேசை விசிறி, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள், அழுபவர்களுக்காக ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. கணக்கு சார் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப்போலவே அவருக்கும் எதையும் பிரித்துப் பார்க்கும் ஆசை.

"கார் கீழதான நிக்குது? ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துட்டா தெரிஞ்சுபோயிடுது. என்ன சொல்றீங்க?"

வக்கீலம்மா மேசைக்கடியில் அவள் கையைக் கிள்ளினார். அவளோ எழுந்துவிட்டாள். "வாங்க சார், காட்டுறேன்."

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. மாஸ்டரால் அடக்க முடியாது. நாற்சந்தியில் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் கால் தானாகப் போகும். அதற்குத்தான் பழகியிருக்கிறது. சொல்லவேண்டிய வாக்கியத்தைப் படியிறங்கும்போதே முடிவுசெய்துகொண்டாள்: நான் கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். கணக்கு சாரைப் பின் இருக்கையின் நடுவில் உட்காரவைத்து, "முன்னாடி நல்லா எட்டி, அவர் காலையே பாத்துட்டு வாங்க சார்" என்றாள். மாஸ்டர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "மெதுவாப் போம்மா. சார் பெரியவரு."

அவள் ஓட்டினாள். எத்தனை அழகாக ஓட்டினாள்! கியர் மாறுவதே தெரியவில்லை. கணக்கு சார் தலையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நீட்டி, தேர்வறையில் காப்பியடிப்பவனைப் பிடிக்கும் கண்ணோடு மாஸ்டரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்சந்தி. பச்சை.

"நான்" என்று தொடங்கினாள்.

வண்டி குத்திட்டு நின்றது. கணக்கு சாரின் மூக்கு இருக்கையில் இடித்தது. ஹாரன்கள் வெடித்தன.

மாஸ்டரின் இரண்டு பாதங்களும் விரிப்பின்மேல், சேர்ந்து, அசையாமல் இருந்தன. கைகள் மடியில். மிதித்தது அவள் கால்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வேறு யாருடையதோபோல அது பெடலின்மேல் இறுகிக் கிடந்தது.

பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் கத்தினார். மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

"புதுசுங்க. மன்னிச்சுக்குங்க."

கணக்கு சார் மூக்கைத் தடவிக்கொண்டே சிரித்தார். அவள் கல்யாணத்துக்கு முன்பே சிலிண்டர் வண்டி ஓட்டியவள் என்று அவருக்குத் தெரியாது; அந்தச் சொல் அவருக்கு வெறும் பணிவாகக் கேட்டது.

7

அவள் காலுக்கு என்ன ஆனது என்று விளக்க எனக்குத் தெரியும். சூடு பட்ட கை, பாத்திரத்தைத் தொடுமுன்பே பின்வாங்கும். பெடல் தானாகக் கீழே போகும் அந்தக் கணத்தின் அவமானத்தைவிட, அதற்கு ஒரு நொடி முன்னால் தானே மிதித்துவிடுவது கொஞ்சம் மானமாக இருந்திருக்கிறது. கால் அதைக் கற்றுக்கொண்டது. பிறகு ஆள் தேவைப்படவில்லை. ஆளில்லாத வேனில்கூட, மனதுக்குள் ஒரு முடிவெடுக்கும்போதெல்லாம், கால் மிதித்தது.

கொடுமைக்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் நிரூபணம் அவளுக்கு எதிராகத்தான் நின்றது. இதை எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று மனுவில் போடுவது?

மையத்தின் படிக்கட்டில் வக்கீலம்மா சொன்னார்: "போதும்மா. கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய வா. இனிமேலாவது புதுசா ஒரு வாழ்க்கை—"

"அந்த வார்த்தை மட்டும் வேணாம் மேடம்."

8

அடுத்த வாய்தாவில் நீதிபதி அவளை நேராகக் கேட்பார்: சம்மதப் பிரிவா, வழக்கைத் தொடர்கிறீர்களா? அதுவரை எழுதிவிட்டேன். அதன்பின் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அவள் கையெழுத்திடுகிறாள். மாஸ்டர் பேனாவை நீட்டுகிறார், "பாத்தும்மா, மை சிந்தும்" என்கிறார். அவள் சுதந்திரமாக வேனில் ஏறிப் போகிறாள். நாற்சந்தியில் நிற்கிறாள். யார் தப்பும் இல்லை.

இரண்டாவதில் மறுக்கிறாள். வருடங்கள் போகின்றன. மாஸ்டரின் மனுவுக்குத்தான் சாட்சிகள் வருகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு நல்ல நீதிபதியை உட்காரவைத்து, அந்த ஒரு வரியை முத்திரையோடு எழுதவைத்தேன். எழுதி முடித்ததும் இனித்தது. கொஞ்ச நேரத்தில் கசந்தது. அந்த வரியை வாங்கிக்கொடுத்தது நான். அவளைப் பேசவே விடவில்லை.

அப்போதுதான் கதையை மறுபடி படித்தேன். பாதியில் நின்ற வாக்கியங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டில் அவள் ஏறிக்கொண்டிருந்த வாக்கியம். நாற்சந்தியில் "நான்" என்று தொடங்கிய வாக்கியம். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் வாயிலிருந்து நீங்கள் கேட்கவில்லை. கதையை நிறுத்தியதும் நான், விளக்கியதும் நான், உங்கள் பக்கம் கண்ணாடியை இறக்கி இதமாகப் பேசிக்கொண்டிருந்ததும் நான்.

நான் இறங்கிக்கொள்கிறேன். இந்த இருக்கையில் இனி நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. காலுக்கடியில் ஒரு பெடல் இருக்கிறது. பாவம், கையெழுத்துப் போட்டுவிட்டால் நிம்மதி என்று உங்களுக்குத் தோன்றலாம். விடாதே, போராடு என்றும் தோன்றலாம். இரண்டுமே அக்கறைதான். பஸ்ஸரின் வயர் எப்போதோ கழற்றியாகிவிட்டது. நீங்கள் மிதித்தால் சத்தம் வராது. பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அவள்தான் நின்றுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

நீதிபதி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்துகிறார். "என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க?"

அவள் கூண்டின் மரக்கட்டையிலிருந்து கையை எடுக்கிறாள். வலது கால் தரையை அழுத்துகிறது. அவளுக்கு அது தெரிகிறது. குனிந்து பார்க்கவில்லை.

"ஐயா, நான்